விசாரணைக்கு முன்னரே தீர்ப்பா?

கடந்த மாதம் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். மருமகனின் முகம் வாடியிருந்தது. அவனது கணினியில் லினக்ஸ் இயங்குகிறது. அதில் அவன் விரும்பி விளையாடும் 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற காரோட்ட விளையாட்டு, மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. கணினிக் கடைக்காரர் ஏற்கெனவே தீர்ப்பு வழங்கிவிட்டார். "மாமா, லினக்ஸ் கேம் விளையாடச் சரிவராதாம். புது கிராஃபிக்ஸ் அட்டையும் வாங்கவேணுமாம்" என்றான் அவன்.

2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், இறக்குமதியாகும் அட்டையொன்றின் விலை என்னவென்பதை இலங்கையில் வாழ்வோர் அறிவர். கடைக்காரர் சொன்ன தொகை தங்கையின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடியது.

நானோ கலைப்பட்டதாரி. கணினி விஞ்ஞானம் பயின்றவனல்லன். எனினும் ஆசிரிய பீடத்தில் முதல் நாளே கற்றுத்தந்த கேள்விகள் என்னிடம் இருந்தன: எது, எப்போது, எங்கே, ஏன், எப்படி?

"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். "போன கிழமை அப்டேற் செய்த பிறகு" என்றான். கடைக்காரர் கேட்காத கேள்வி இதுதான். பத்து நாட்களுக்கு முன்னர் நன்றாக ஓடிய விளையாட்டுக்கு அட்டை திடீரெனப் போதாமற் போவதெப்படி?

விளையாட்டின் அமைப்புகளிலேயே, வினாடிக்கு எத்தனை சட்டங்கள் வரையப்படுகின்றன என்பதைக் காட்டும் வசதி உண்டு. 60 சட்டங்கள் வந்தால் காட்சி வழுக்கிச் செல்லும். ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்களே கிடைக்கும். அங்கு வந்தவையோ 5 மட்டுமே. அடுத்து 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். நினைவகத்தில் தாராளமாக இடமிருந்தது. ஆனால் மையச் செயலி முழுவதையும் விளையாட்டே பிடித்துவைத்திருந்தது. இறுதியாக 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' மூலம், படத்தை வரைவது யார் எனக் கேட்டோம். 'எல்எல்விஎம்பைப்' என்று விடை வந்தது.

அது அட்டையின் பெயரன்று. அட்டையைப் பயன்படுத்த இயலாதபோது அதன் வேலையை மையச் செயலியின் தலையிற் சுமத்தும் மென்பொருளின் பெயர். அட்டை உறங்கிக்கொண்டிருக்க, செயலி மாய்ந்துகொண்டிருந்தது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டபோது, அதற்கேற்ப அட்டையின் ட்றைவரை மீளக் கட்டுவதற்குத் தேவையான தலைப்புக் கோப்புகள் நிறுவப்பட்டிருக்கவில்லை. அவற்றை நிறுவி, ட்றைவரை மீளக் கட்டி, கணினியை மறுபடி தொடக்கினோம். 60 சட்டங்கள் வந்தன. செலவு ஒரு சதமுமில்லை.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என நான் கூறவரவில்லை. தூசி அடைத்து வெப்பமேறினாலும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2018இல் வெளிவந்த 'புரோட்டன்' மூலம் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுவோர், தொடக்கத்தில் ஷேடர்கள் தொகுக்கப்படும்போது திக்கலை எதிர்கொள்வதுண்டு. சில வேளைகளில் அட்டை உண்மையிலேயே பழையதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவு விசாரணையின் இறுதியில் வரவேண்டியது, தொடக்கத்தில் அன்று.

லினக்ஸ் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பயனர் தேடிப் பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் சொல்லக்கூடும். இத்தனை பெரிய மாற்றம் நிகழ்ந்தும் திரையில் ஒரு வரி எச்சரிக்கையேனும் தோன்றவில்லையே! தவறு நிகழ்வது இயல்பு. அதை மௌனமாக மறைப்பதுதான் குற்றம். பத்திரிகைக்குப் பொருந்தும் இந்த நியதி மென்பொருளுக்கும் பொருந்தும். அதே வேளை, கேட்டால் உண்மையைச் சொல்லும் பண்பு இந்த இயங்குதளத்துக்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

விடைபெறும்போது, "அந்தக் கடைக்காரர் பொய் சொன்னவரா மாமா?" என்று கேட்டான் மருமகன்.

"இல்லையடா, விசாரிக்காமல் எழுதிவிட்டார்" என்றேன். எங்கள் தொழிலிலும் அத்தகையோர் உளர்.