சீவாளியைக் கழற்றி வைத்தவன்

சென்ற மாதம் மதுரையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், நான் மதிக்கும் கவிஞர் நண்பர் ஒருவர் நாதசுரத்துக்காகக் கண்கலங்கினார். தெப்பக்குளம் அருகே கல்யாண ஊர்வலம் ஒன்றில் டிரம்பெட் ஊதிக்கொண்டு போன இளைஞனைப் பார்த்தாராம். விசாரித்ததில் நாதசுரக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்ததாம். ‘பொன்னைக் கொடுத்துப் பித்தளை வாங்கியவன்’ என்றார். பலத்த கைதட்டல். நான் தட்டவில்லை. தட்டாததற்கான காரணத்தை அன்று சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

அந்த இளைஞனை நான் அறிவேன். வண்டியூரில் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளியிருப்பவன். தகப்பனாரிடம் பதினோரு வயதில் நாதசுரம் தொடங்கியவன். வர்ணம், கீர்த்தனை, மல்லாரி எல்லாம் முறையாகப் பாடம். இருபத்தாறு வயதில் டிரம்பெட்டுக்கு மாறினான். ‘மாறினான்’ என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் என்ன நடந்தது என்று நண்பர் கேட்டுப் பார்க்கவில்லை.

நாதசுரத்தில் ஒலி பிறப்பது சீவாளியில். உதடு அதைக் கவ்வி நெறிப்படுத்தும். டிரம்பெட்டில் சீவாளி கிடையாது; ஊதுபவனின் உதடுதான் சீவாளி. சிறு உலோகக் கிண்ணத்தில் உதட்டை வைத்து அதையே அதிரவைக்க வேண்டும். பதினைந்து வருடம் ஒரு விதமாகப் பழகிய தசைகள் புதிதாகப் பிறந்தாக வேண்டும். முதல் இரண்டு மாதம் வெறும் காற்றுதான் வந்தது, உதடு வீங்கிக் குழம்புச் சோறு சாப்பிட முடியவில்லை என்றான். விரல்களுக்கும் அதே கதிதான். நாதசுரத்தின் ஏழு துளைகளில் விரலை அரைகுறையாகத் திறந்தும் காற்றை அடக்கியும் சுரத்தை வழுக்கவிடலாம். டிரம்பெட்டிலோ மூன்றே வால்வுகள். இரண்டாவதை அழுத்தினால் அரைச்சுரம் இறங்கும், முதலாவதில் முழுச்சுரம், மூன்றாவதில் ஒன்றரை. இடைப்பட்ட நுண்சுரம் முழுவதும் உதட்டின் பொறுப்பு. “தோடி காந்தாரத்தை அசைச்சா கையை உதறிட்டு ஓடுது சார்” என்றான். ஆனாலும் ஓடவிடாமல் பிடிக்கப் பார்த்திருக்கிறான். யார் கேட்கப் போகிறார்கள் என்று இவன் அதைச் செய்தான்?

கருவி மாறியவர்களை நாம் எப்போதும் தூற்றியதில்லை என்பதையும் நண்பருக்கு நினைவூட்ட வேண்டும். ஏ.கே.சி. நடராஜன் நாதசுரமும் பயின்றவர்தான். கிளாரினெட்டைத் தன் கருவியாக்கிக்கொண்டார். ராஜரத்தினம் பிள்ளையே அவரைக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பாராட்டினார். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. கத்ரி கோபால்நாத் தகப்பனாரிடம் நாதசுரம் கற்றவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். கருவியில் மாற்றங்கள் செய்து கமகங்களை வரவழைத்தார். 1994இல் ‘டூயட்’ படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டு உருகாத இலக்கியவாதி உண்டா? சாக்ஸபோனின் உடலும் பித்தளைதான். அப்போது நம்மில் எவருக்கும் பொன் நினைவு வரவில்லை. அவர் வாசித்தது சபாவில், பட்டு ஜமக்காளத்தின்மேல். வண்டியூர்க்காரன் வாசிப்பது தெருவில், நடந்துகொண்டே. வேறுபாடு பித்தளையில் இல்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். ‘நம் ஆதி வாத்தியம்’ என்று நண்பர் நாதசுரத்தைச் சொன்னார். சங்க நூல்களில் நாதசுரம் என்ற பெயரே கிடையாது. கோடு உண்டு, வயிர் உண்டு, தூம்பு உண்டு, சங்கு உண்டு. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் பட்டியலை அவரே வகுப்பில் நடத்தியிருப்பார். கொம்பும் சங்கும் உதட்டை அதிரவைத்து ஊதுபவை. பின்னாளின் எக்காளமும் திருச்சின்னமும் அப்படியே, அவை உலோகத்தாலும் ஆனவை. தொன்மையை வைத்துத் தீர்ப்பெழுதுவதாக இருந்தால் டிரம்பெட்டின் குலம்தான் இந்த மண்ணில் மூத்தது. வால்வு மட்டுமே வந்தேறி. இந்த வாதத்தை நான் பெரிதாக நம்பவில்லை. தொன்மை ஒரு கருவிக்குத் தகுதிச் சான்றாகாது. அதை நண்பரும் நம்பக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். நாதசுரமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குட்டையான திமிரி போய் நீண்ட பாரி பரவியதில் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்குண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்காக நம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதசுரத்தில் ஆங்கில நோட்டே வாசித்தார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. நாதசுரம் பேண்டைப் போல் ஒலிக்கலாம், பேண்டுக்காரன் மட்டும் நாதசுரத்தின் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது என்ன நியாயம்?

இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேண்டில் ஆலாபனைக்கு இடமில்லை. வேளைக்கு ஒரு ராகம் என்ற ஒழுங்கு கிடையாது. மூன்று நிமிடச் சினிமாப் பாட்டு, அடுத்தது, அடுத்தது. அவன் தகப்பனார் அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கும் சித்திரை இரவில் வாசித்த மோகனத்தை நான் கேட்டிருக்கிறேன். அது டிரம்பெட்டில் வராது. மகனுக்கும் அது தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்த மோகனத்தை விரட்டியது அவனா? ஊரெங்கும் கோயில்களில் பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும் மின்சார இயந்திரத்தை வாங்கி வைத்தது யார்? உபயதாரர் பெயரைச் சிவப்பு எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறோம். அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் கற்பிக்கிறார்கள், நல்லது. படித்து வெளியே வருபவனை வைத்து எத்தனை பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறோம்? கல்யாணத்தில் அவனுக்கு வேலை, நாம் பேசும் சத்தத்துக்கு மேல் ஊதுவது. தாலி கட்டும்போது விரலை ஆட்டினால் கெட்டிமேளம். பந்தியில் கடைசி.

சுயமரியாதை இயக்கக் காலத்தில் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதசுரம். தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார்கள் பெரிய மனிதர்கள். எடுக்காதீர்கள் என்று அருகே நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. இந்தக் கதையை மேடைதோறும் சொல்கிறோம். வண்டியூர் இளைஞனிடம் நானும் சொன்னேன். அவன் தன் பேண்டுச் சீருடையைக் காட்டினான். “இதுல தோள்லயே சரிகை வச்சுத் தைச்சிருக்கு சார். எடுன்னு யாரும் சொல்ல முடியாது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பேண்டுக்காரனுக்கும் கடைசிப் பந்திதான் என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான். நாதசுரம் உறையில் பத்திரமாக இருக்கிறது. சீவாளியை அவ்வப்போது எடுத்து நனைத்துப் பார்ப்பதுண்டாம்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நண்பரைப் பிடித்தேன். ஆவணியில் அவர் மகளுக்குத் திருமணம், மண்டபம் பேசியாயிற்று என்றார். மேளம் யார் என்று கேட்டேன். அதெல்லாம் மண்டபக்காரரே பார்த்துக்கொள்வார் என்றார்.