டிக்கெட் எனக்கு, ரசீது சைக்கிளுக்கு

சைக்கிளை ரயிலில் ஏற்றியிருக்கிறீர்களா? ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். இந்த நாட்டில் சைக்கிளுக்கு என்ன மரியாதை என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும்.

போன மார்கழியில் எனக்கு ஒரு ஆசை வந்தது. பாபநாசத்தில் தொடங்கி, தாமிரபரணி கூடவே வந்து, அது கடலில் சேருகிற புன்னைக்காயல் வரைக்கும் சைக்கிளிலேயே போவது. மூன்று நாள் லீவு. ஐம்பதைத் தாண்டிய ஆசாமிக்கு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தாங்கும். ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டாயிற்று. சைக்கிளையும் கூட எடுத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை.

பார்சல் ஆபீஸில் முதல் கேள்வி: ‘லக்கேஜா, பார்சலா?’

‘என்ன சார் வித்தியாசம்?’

‘லக்கேஜ்னா உங்க டிக்கெட் மேல போடறது. இதே வண்டியில வரும். பார்சல்னா தனியா வரும்.’

‘அப்ப லக்கேஜ்.’

‘போட்டுக்கலாம். ஆனா வண்டியில இடம் இருந்தாத்தான் ஏத்துவாங்க.’

இடம் இருக்குமா என்று கேட்டேன். அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

வெளியே ஒருவர் என் சைக்கிளுக்கு வைக்கோலும் சாக்கும் சுற்றிச் சணலால் தைத்தார். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஒரு ஆளைச் சுற்றுவது மாதிரியே சுற்றினார். பேக்கிங்குக்கும் தூக்கி வைப்பதற்கும் நான் கொடுத்தது, ரயில் கட்டணத்தைவிட அதிகம்.

காலையில் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். கூடை வந்தது, மூட்டை வந்தது, இரண்டு மோட்டார் பைக்கும் வந்தன. என் சைக்கிள் வரவில்லை. ‘நாளைக்கு வந்துரும் சார்’ என்றார்கள். நாளைக்கும் வரவில்லை. இரண்டு நாள் லாட்ஜில் உட்கார்ந்து, தாமிரபரணியை டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் தரிசித்தேன். மூன்றாம் நாள் சாக்கு வந்து சேர்ந்தது. பிரித்தால் பின் சக்கரம் எட்டு போட்டிருக்கிறது.

எந்த ஸ்டேஷன், எந்த ரயில் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு ஆளை மாற்றிவிட்டு, பிரச்னை தீர்ந்தது என்பார்கள். பிரச்னை ஆளிடம் இல்லை. விதியில் இருக்கிறது.

விதியைப் பாருங்கள். ஸ்லீப்பர் டிக்கெட் வைத்திருக்கிற நீங்கள் 40 கிலோ வரை சாமான் இலவசமாகக் கொண்டுபோகலாம். ஏ.சி. முதல் வகுப்பு என்றால் 70 கிலோ. கல்யாண வீட்டுப் பாத்திரத்தில் பாதி அதில் போய்விடும். ஆனால் இருபது கிலோகூட இல்லாத சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்கூட்டர், சைக்கிள் மாதிரிச் சமாசாரங்களுக்கு இலவச அனுமதி இல்லை. ஸ்கூட்டரையும் சைக்கிளையும் ஒரே தட்டில் வைத்த அந்தப் புண்ணியவான் இரண்டில் எதையும் ஓட்டியிருப்பார் என்று தோன்றவில்லை.

சரி, பணம் கட்டத் தயார் என்றாலும் இடம்? லக்கேஜ் பெட்டி இடத்தையே தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2019-ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்தில் பார்சல் பெட்டியே கிடையாது. அதற்காகக் கோடிக்கணக்கில் புதுசாகப் பெட்டி வடிவமைத்தவர்களுக்கு, சுவரில் நாலு கொக்கி அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘லீவுக்குச் சைக்கிள் ஓட்டப் போற ஆளுக்கு இது ஒரு குறையா? அங்கேயே வாடகைக்கு எடுக்கறதுதானே?’ நியாயம். என் மூன்று நாள் போனதில் உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை. அதனால் என்னை விடுங்கள். சஹாரன்பூருக்கு வாருங்கள்.

2020 ஊரடங்கில் பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் தொழிலாளிகள் சைக்கிளில் பீகாருக்கும் கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்கும் கிளம்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? கையில் இருந்த கடைசிக் காசில் சைக்கிள் வாங்கியவர்கள் உண்டு. உத்தரப்பிரதேச எல்லையில் இருக்கிற சஹாரன்பூரில் அவர்களை நிறுத்தித் தங்கவைத்து, பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் ஊருக்கு அனுப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆள் போகலாம், சைக்கிள் போக முடியாது. டோக்கனை வாங்கிக்கொண்டு, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பலர் பிறகு வந்து எடுத்துக்கொண்டார்கள். வர முடியாதவர்களின் சைக்கிள்கள் இரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 2022-ல் அப்படி மிஞ்சிய சுமார் 5,400 சைக்கிள்களை மொத்தமாக ஏலம் விட்டார்கள். கிடைத்தது 21 லட்சம் ரூபாய் சொச்சம். நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு சைக்கிளுக்கு நானூறு ரூபாய்கூடத் தேறவில்லை.

எடுக்க வராதவர்களுக்குச் சைக்கிள் வேண்டாம் என்றா அர்த்தம்? பீகாரிலிருந்து சஹாரன்பூர் வந்து, அதைத் திரும்பக் கொண்டுபோக ஆகிற செலவில் புதுசே வாங்கிவிடலாம். ஊர் மாறிப் பிழைக்கிற மனுஷனிடம் இருக்கிற ஒரே வண்டி அது. சாணை பிடிக்கிறவருக்கும், பாத்திரம் விற்கிறவருக்கும், கட்டட வேலைக்குப் போகிற தம்பிக்கும் அதுதான் கால். நம் ஊரிலேயே பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை வெளியூர்க் காலேஜில் சேர்ந்தால் சைக்கிள் வீட்டுத் திண்ணையிலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான்.

மற்ற ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் ராக்கெட் விடவில்லை. ஜப்பானில் சக்கரத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டு, காசு கொடுக்காமல் கையோடு ரயிலில் கொண்டுபோகிறார்கள். ஜெர்மனியில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. புதிதாக வாங்கும் ரயில்களில் சைக்கிளுக்குக் குறைந்தது நாலு இடமாவது வேண்டும் என்று 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதியே போட்டுவிட்டது. ஐரோப்பா வேறு, நாம் வேறு என்பீர்கள். கொச்சி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2020-லேயே அங்கே மெட்ரோவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக அனுமதித்தார்கள்.

‘அன்ரிசர்வ்டுல மனுஷன் ஒத்தக் கால்ல தொங்கறான், இதுல சைக்கிளா?’ என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அந்தப் பெட்டியில் நான் இடம் கேட்கவில்லை. கேட்டால் உதைக்கத்தான் வேண்டும். லக்கேஜ் பெட்டியில் ஒரு மூலை, ஒரு சைக்கிளுக்கு ஒரு கொக்கி, டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துக் கட்டுகிற ஒரு சின்னத் தொகை. பிளாட்பாரத்தில் நானே ஏற்றி, நானே இறக்கிக்கொள்கிறேன். சாக்கு வேண்டாம், வைக்கோல் வேண்டாம், லக்கேஜா பார்சலா என்ற பட்டிமன்றமும் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் அது என் நாற்பது கிலோவுக்குள் வரட்டும். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

என் கதைக்கு வருகிறேன். லீவு முடிந்த அன்று சாயங்காலம் ஒரு சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன். ஆற்றோரம் நாலு கிலோமீட்டர் ஓட்டியதுதான் மிச்சம். திரும்ப ரயிலில் ஏற்ற மனசு வராமல் ஆம்னி பஸ் ஸ்டாண்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். கிளீனர் பையன் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தான். ‘முன் வீலக் கழட்டிக் குடுங்கண்ணே’ என்றான். டிக்கியில் இரண்டு பெட்டியை நகர்த்தி, என் போர்வையையே மேலே போட்டுப் படுக்கவைத்தான். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். கேட்ட பணத்தைக் கொடுத்தேன். காலையில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறக்கிக் கொடுத்தான்.

ரசீது கேட்டேன்.

‘சைக்கிளுக்கெல்லாம் எவண்ணே ரசீது தருவான்?’ என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டான்.