தூண்டில் கம்பு: மார்க்கா பெரிதா, வாக்கு பெரிதா?

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின் நம் வட்டாரத்தில் பல ஊர்க்காரர்களும் குடியேறிவிட்டனர். ஏரியில் தூண்டில் போட, 1921இல் ஜப்பானில் தொடங்கிய ஷிமானோ மார்க்காவைக் கேட்பவரும் உண்டு. மூங்கில் கம்பை விடாத பழைய வாடிக்கையாளரும் உண்டு.

வணிக நண்பர்களே, இரண்டையும் வையுங்கள். குணம் சொல்லி விற்பனை செய்யுங்கள். கரையோர ஜிலேபி, கெண்டைக்கு மூங்கில் போதும், விலையும் குறைவு. தூரம் வீசி விரால் பிடிக்க ரீல் பூட்டிய ஃபைபர் கம்பே ஏற்றது. கார்பன் கம்பு இலேசானது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் அப்படியே. மின்கம்பி அருகே நீட்டினால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லாமல் விற்பது வியாபாரமல்ல.

உள்ளூர்ச் சரக்கென்று காயாத, உளுத்த மூங்கிலைத் தள்ளிவிடுவதும் தவறே. வாடிக்கையாளர் திரும்பி வருவது மார்க்காவுக்காக அல்ல, நம் வாக்குக்காகவே.