சத்தமில்லாமல் நின்றுபோன 5ந் தேதி

ரொம்ப நாள் கழித்து ஒரு புலம்பல். பொட்டி தட்டும் தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் 5ந் தேதி பணம் போகிற மாதிரி நெட் பேங்கிங்கில் ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டிருந்தேன். போட்டதோடு மறந்தும் விட்டேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, மூன்று மாதமாகப் பணமே வரவில்லையாம். 60 தவணை என்று போட்டவன் நான்தான். 60 முடிந்ததும் கமுக்கமாக நின்றுவிட்டது. ஒரு எஸ்.எம்.எஸ். கிடையாது. சம்பளக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக நின்றதை நானும் கவனிக்கவில்லை. "ஏம்மா கேக்கல?" என்றால், "புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டுற நேரம், உனக்கு என்ன கஷ்டமோன்னு விட்டுட்டேன்பா" என்கிறார். பேங்க் ஆபீசர் என்று வெளியில் சொல்லவே வெட்கமாகப் போய்விட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளையில் இதற்கென்றே ஒரு ரிஜிஸ்டர் உண்டு. தேதி பார்த்து கிளார்க் வவுச்சர் போடுவார், ஆபீசர் கையெழுத்து போடுவார். விட்டுப்போன வரி வெறுமையாக நிற்கும், யார் கண்ணிலாவது பட்டுவிடும். இப்போது அந்த வேலையை சர்வர் செய்கிறது. நல்லதுதான், இத்தனை கணக்கை மனுஷனால் பார்க்க முடியாது. ஆனால் அந்த வெறும் வரியை இப்போது யார் பார்க்கிறார்கள்?

புனேயில் பொட்டி தட்டும் அக்கா பையனிடம் கேட்டேன். 1979ல் வந்த யுனிக்ஸிலேயே இதற்கு கிரான் என்று ஒன்று இருந்ததாம். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம், அவ்வளவுதான். 31ந் தேதி என்று போட்டால் வருஷத்தில் 7 மாதம்தான் ஓடும். அந்த நேரத்தில் மெஷின் படுத்திருந்தால், எழுந்த பிறகு விட்ட வேலையைச் செய்யாது. "தப்பு நடந்தா லாக்ல இருக்குமே?" என்றேன். "ஓடினாத்தானே மாமா லாக் எழுதும்? ஓடவே இல்லன்னா எழுத யாரு இருக்கா?" என்றான். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தம்பிகளே, நீங்கள் எழுதும் வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று சொல்லட்டும். அந்தச் சொல் நேரத்துக்கு வரவில்லையென்றால் இன்னொன்று கூச்சல் போடட்டும். இரண்டு தடவை ஓடினாலும் பணம் ஒரு தடவைதான் போகவேண்டும். கடைசித் தவணைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கார்டில் மாதச் சந்தா எடுக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். போகிற பணத்துக்குக் காட்டும் அக்கறையை, போகாமல் நின்ற பணத்துக்கும் காட்டினால் என்ன?

இப்போதெல்லாம் 6ந் தேதி காலையில் அம்மாவுக்கு நானே போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். நீங்களும் ஊருக்குப் போகும் பணத்தின் கடைசித் தேதி என்ன என்று இன்றைக்கே ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நம் ஊர் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள்.