ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நம்முடைய நாட்டில், இன்றைக்கு அதே ஆமையை விலைகொடுத்து வாங்கி, திசை பார்த்து ஒரு மூலையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, அதில் அதை இருத்தினால் தனலாபம் உண்டாகும் என்று நம்புகிற குடும்பங்களும் இருப்பதைப் பார்த்தால், மூடநம்பிக்கைக்குக்கூட நிலையான கொள்கை கிடையாது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பழமொழிக்குப் பயந்த காலத்தில் ஆமை காட்டில் நிம்மதியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று அதற்கு மதிப்பு ஏறிய நாள்முதல் அதன் துரதிர்ஷ்டம் தொடங்கியது.

இப்படி அகப்படுவது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளிலும், குஜராத், ராஜஸ்தான் பக்கத்திலும், இலங்கையிலும் புல்லும் பூண்டும் மேய்ந்து வாழ்கிற தரை ஆமை அது. கறுத்த ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள் கிரணங்களாய் விரிகின்ற அதன் அழகே அதற்குச் சத்துருவாக வாய்த்தது. ஆந்திர, கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து மாத்திரம் வருஷத்திற்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டு வியாபாரத்திற்குப் போயின என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019-ல் ஜெனிவாவில் கூடிய, வனவிலங்கு வியாபாரம் பற்றிய சர்வதேச மாநாடு, இதன் சர்வதேச வியாபாரத்தை அடியோடு தடுக்கும் முதல் பட்டியலில் இதைச் சேர்த்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் கிடந்த இந்தப் பிராணி, 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் முதல் அட்டவணைக்கு ஏறியது. வீட்டில் வைத்திருந்தால் மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறைவாசமும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

கடத்தலைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, கடத்தலின் கடைசிப் படியில், ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நல்லெண்ணத்தாலேயே நோயாளியாக்கப்பட்டு, பிறகு எப்படியோ மீட்கப்படுகிற ஆமையின் கதியைப் பற்றி.

சென்னையில் ஒரு கால்நடை மருத்துவருடைய மேஜைமேல் அத்தகைய ஆமை ஒன்றை நான் பார்த்தேன். குடித்தனக்காரர் வீடு மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போனதை, அந்தக் கட்டடத்தின் காவற்காரர் ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேல் அலகு கீழ்த் தாடையைத் தாண்டி வளைந்து வளர்ந்திருந்தது. பின்கால்கள் உடம்பைத் தூக்க மாட்டாமல் பக்கவாட்டில் நீண்டு கிடந்தன. ஓட்டின் ஓரத்தில் ஒரு துளை போட்டு, அதில் கோத்திருந்த கம்பியின் துண்டு இன்னும் துருவேறித் தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதைப் புரட்டி, வயிற்றோட்டின்மேல் கட்டைவிரலை மெதுவாக வைத்தபோது, அந்த இடம் உள்ளே அமுங்கியது. "ஓடுன்னா கல்லாட்டம் இருக்கும்னு நெனச்சேன் டாக்டர், இது அமுங்குதே" என்றார் காவற்காரர். என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "பால் சோறு, பிஸ்கட்டு, சில நாள் இட்லி, ஏசி ரூமிலேதான் வெச்சிருப்பாங்க, ரொம்பப் பிரியம்" என்று பதில் வந்தது.

அந்தப் பிரியந்தான் வியாதியின் மூலம். ஆமையின் ஓடு ஒரு சட்டையோ கவசமோ அல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று இணைந்து உண்டான எலும்புக்கூடே அது. ஆகவே எலும்புக்கு வருகிற ரோகமெல்லாம் ஓட்டுக்கும் வரும். உணவில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் மட்டும் போதாது. அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கு வைட்டமின் டி வேண்டும்; அதை ஆமை தன் தோலிலேயே உண்டாக்கிக்கொள்வதற்குச் சூரியனுடைய புற ஊதாக் கதிர் வேண்டும். அந்தக் கதிரோ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. கண்ணாடிக்குப் பின்னே இளவெயிலில் வைத்துவிட்டு, வெயில் காட்டியாயிற்று என்று திருப்தி அடைகிறவர்கள் வெளிச்சத்தைத்தான் காட்டுகிறார்களே ஒழிய, மருந்தைக் காட்டவில்லை. சோற்றிலும் ரொட்டியிலும் சுண்ணாம்பு குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இரத்தத்தில் சுண்ணாம்பு குறையுந்தோறும், உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால், ஓடு மிருதுவாகிறது, அலகு கோணுகிறது, நடை தளர்கிறது. பாலோ பாலூட்டும் இனத்துக்கு உரியது. அதைச் செரிக்கும் சக்தி ஆமைக்கு இல்லை. தண்ணீர் போதாமையால் மூத்திரப்பையில் கல் திரண்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அது தெரியவருகிற ஆமைகளும் உண்டு.

ஓட்டில் துளை போடுவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஓட்டின்மேல் நகத்துக்குரிய பொருளாலான தகடு இருப்பதால் அதற்கு வலிக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். தகட்டுக்கு அடியில் உயிருள்ள எலும்பும், இரத்த ஓட்டமும், நரம்பும் உண்டு. துளை வழியே கிருமி புகுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையில் 2006 மார்ச் மாதம் இறந்த அத்வைதா என்னும் ராட்சத ஆமை, ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் வளர்ந்தது என்ற கர்ணபரம்பரைச் செய்தி மெய்யோ பொய்யோ, அதன் அந்திய காலத்தில் ஓடு விரிசல் கண்டு, அதன் அடியில் புண் ஏற்பட்டிருந்தது என்பது மெய். அவ்வளவு பெரிய சரீரத்துக்கே அது உபத்திரவமென்றால், உள்ளங்கையில் அடங்கும் உயிருக்கு ஒரு துரப்பணத் துளை என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மீட்டாயிற்று, இனி நன்றாக ஊட்டி வளர்த்துவிடலாம் என்ற அவசரம் இரண்டாவது அபாயம். பட்டினியில் வாடிய ஆமைக்கு முதல் சிகிச்சை சாப்பாடு அல்ல, தண்ணீர். கழுத்துக்குக் கீழே நிற்கும்படி ஆழமில்லாத பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டு, தினம் கால்மணி நேரம் அதில் நிறுத்திவைத்தால், அது தானே தலை தாழ்த்திக் குடிக்கும். உடம்பில் நீர் ஊறிய பின்னர், சிறிது சிறிதாக அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மல்பெரி இலை ஆகியவற்றைக் கொடுக்கலாம்; அவற்றின்மேல் கணவாய் ஓட்டைச் சுரண்டித் தூவலாம். கீரை என்றாலே சத்து என்று எண்ணி பசலையை அள்ளிப் போடுகிறவர்கள், அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். திறந்த வெளியில் காலை வெயில் அவசியம். ஆனால் பக்கத்திலேயே நிழலும் இருக்க வேண்டும். உடம்பின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணியை ஒரு வாளியில் இட்டு மொட்டைமாடியில் விட்டால், அது ஒதுங்க இடமில்லாமல் வெந்து செத்துப்போகும்.

சளி பிடித்த ஆமையைப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் புரியும். நமக்குள்ளதைப் போன்ற உதரவிதானம் அதற்கு இல்லை. ஆகையால் அது வலுவாக இருமி, சளியை வெளியே தள்ள முடியாது. மூக்குத் துவாரத்தில் குமிழி வரும். கழுத்தை எட்டிநீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். குளிர்சாதன அறையில் வைத்த பலன் இது. வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து இதைச் சொஸ்தப்படுத்தப் பார்ப்பது கொலைக்குச் சமானம். நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சி மருந்தாகச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். ஊசியைக்கூடப் பின்கால் பக்கம் போடாமல் முன்கால் பக்கம் போடுவதே வழக்கம். ஏனென்றால் பின்பாகத்து இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகச் செல்லும் அமைப்பு அதன் சரீரத்தில் உண்டு. இவ்வளவு விஷயங்களையும் அறிந்த வைத்தியர்கள் நம் நாட்டில் சொற்பம்.

சிகிச்சை பலன் தருமா என்று கேட்டால், தரும், ஆனால் ஆமையின் கிரமப்படி தரும். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எழுதிக்கொண்டு வந்தால்தான் அது தேறுகிறதா என்பதே தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. கோணிய ஓடு கோணியபடியே இருக்கும்; புதிதாக வளரும் பாகந்தான் நேராக வரும். செயின்ட் ஹெலினா தீவில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் 1882 முதல் இருந்துவந்த ஜோனதன் என்னும் ஆமை, முதுமையில் பார்வை இழந்து, மோப்பமும் குன்றி, அலகு மழுங்கிப்போய், புல்லை நறுக்க மாட்டாமல் மெலிந்தபோது, கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் வாரந்தோறும் காய்களையும் பழங்களையும் தம் கையாலேயே ஊட்டிவர, மழுங்கிய அலகு மீண்டும் கூர்மை பெற்றது. அவர் செய்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. தவறாமல் செய்தார் என்பதே அதிலுள்ள விசேஷம்.

இப்போது, நான் சொல்ல வந்த அபிப்பிராயத்துக்கு வருகிறேன். மீட்கப்படும் ஆமைகள் இவ்வளவு சீர்கெட்ட நிலையில் வந்துசேர்வதற்கு அறியாமை ஒரு காரணம் என்றால், பயம் மற்றொரு காரணம். வைத்திருப்பது குற்றம் என்று ஒருநாள் தெரியவரும் குடும்பஸ்தர், அதை வைத்தியரிடம் கொண்டுபோகவும் அஞ்சி, வனத்துறையிடம் ஒப்படைக்கவும் அஞ்சி, இருட்டிய பிறகு கோயில் குளத்தில் விட்டுவிட்டு வந்து, புண்ணியம் செய்ததாக நிம்மதி அடைகிறார். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் விடப்பட்டது மூழ்கிச் சாகிறது. காட்டில் விடுவதும் நல்லதன்று. வீட்டில் பெற்ற தொற்றுநோயை அது காட்டு ஆமைகளுக்குக் கொடுக்கும். வேறு பிரதேசத்தின் வம்சத்தோடு கலக்கவும் செய்யும்.

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்க வேண்டாமா? 2022-ஆம் வருஷத்துத் திருத்தம், தம்மிடமுள்ள பிராணியைத் தாமாகவே ஒப்படைப்பதற்கு ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது உடைமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமே பொருந்தும். தெருவோரத்தில் ரகசியமாக வாங்கிய ஆமைக்கு எந்தக் குடும்பம் சான்றிதழ் வைத்திருக்கும்? இதற்கு மாறாக, அந்நிய தேசத்துப் பிராணிகளை வைத்திருந்தவர்களுக்கு, ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்துவிட்டால் எந்தப் பத்திரமும் கேட்பதில்லை என்று 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சலுகை கொடுத்தது. ஆப்பிரிக்க ஆமைக்குக் காட்டிய தயவை நம் புதர்க்காட்டு ஆமைக்குக் காட்டலாகாதா? கடத்தல்காரன் இதில் ஒளிந்துகொள்வான் என்பது நியாயமான ஆட்சேபம். சலுகை பிராணியை வைத்துக்கொள்வதற்கு அல்ல, ஒப்படைப்பதற்கு மட்டும் என்றும், ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் செல்லாது என்றும், காலவரையறை வைத்தும் விதி செய்தால், மூட்டைகட்டி விமானமேற்றுகிறவனுக்கு அதில் எந்த லாபமும் இல்லை.

ஒப்படைக்கப்படும் ஆமைகளை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. 1903 முதல் நடந்துவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற ஸ்தாபனங்களில், ஊர்வன இனத்துக்கென்று ஒரு வார்டும், அதற்கென்றே பயிற்சி பெற்ற இரண்டொரு வைத்தியர்களும், வெயில் விழும் ஒரு புல்தரையும் இருந்தால் போதும். பெரிய மாளிகை தேவையில்லை. வேண்டியதெல்லாம் புல், வெயில், தண்ணீர், தராசு, தவறாமல் கவனிக்க ஓர் ஆள். மத்திய அரசாங்கம் ஒப்படைப்புக்கு ஆறு மாத அவகாசத்தை அறிவிக்க வேண்டும். மாநில அரசாங்கம் அந்த அவகாசம் தொடங்குமுன் சிகிச்சைக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் ஆமை வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைக் குளத்திலும் விடாதீர்கள், காட்டிலும் விடாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டாவது, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் சேர்ப்பித்துவிடுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், குலுங்காமல் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், வெயிலில் விட்டீர்களா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்பதை ஒரு காகிதத்தில் ஒளிக்காமல் எழுதி உடன் வையுங்கள். பெயர் வேண்டியதில்லை, வைத்தியருக்கு அந்தக் காகிதம் வேண்டும்.