பொறுத்த வெள்ளை

வெள்ளை ஒயினை இளசாகவே குடித்துவிட வேண்டும் என்ற விதிக்கு ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் மதிப்பில்லை. அங்குள்ள ஆரோ நகரில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா நிறுவனத்தின் ‘வீன்யா தொந்தோனியா’ வெள்ளை ரிசர்வாவே சாட்சி. வியூரா திராட்சையோடு சிறிது மால்வசியா சேர்ந்த இந்த ஒயின், ஓக் பீப்பாயில் சுமார் 6 ஆண்டுகள் கிடக்கிறது. மரத்தின் வழியே மெல்ல நுழையும் காற்று பழவாசனையைத் தணித்து, வாதுமை, தேன்மெழுகு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மணங்களை எழுப்புகிறது. மணத்தில் தேன் உண்டு, நாக்கில் இனிப்பு இல்லை. இத்தனை காலம் அதைக் காத்த புளிப்பு இன்னும் விறைப்பாகவே நிற்கிறது. இதைப் பனிக்கட்டி வாளியில் புதைப்பது அநியாயம். குளிரில் விறைத்தால் மணம் அடங்கிவிடும். பொன்னிறத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தள்ளுபவர்கள், தீர்ப்பை இரண்டாவது மடக்கு வரையாவது ஒத்திவைக்கட்டும்.