பாலத்துக்குள் புதைந்த புகை

பாலம் திறக்கிறார்கள்; நீளம் இவ்வளவு, செலவு இத்தனை கோடி என மேடையிலே முழங்குகிறார்கள். அதைக் கட்ட எத்தனை டன் கரியமில வாயு வானேறிற்று என்று எவரேனும் இயம்பியதுண்டோ?

அரியலூருக்கு வந்து பாருங்கள்! கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் கடல் அலையடித்த மண். அக்கடலின் சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டாகிறது. 100 கிலோ தூய கல் சூளையில் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரிக்கும் நிலக்கரியின் புகை தனி! பெரம்பலூர் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் புகைக்குச் சான்றிதழ் கேட்கிறது சட்டம். அந்தச் சாலையின் பாலத்துக்குள் புதைந்த புகைக்கு?

வழியில்லாமலில்லை. சிமெண்டில் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்க இந்தியத் தரவிதியே இடந்தருகிறது. மேட்டூர் இருக்கையில் சாம்பலுக்கா பஞ்சம்? இறுகுவதற்கு நாளாகும் என்பார் ஒப்பந்தக்காரர். உண்மைதான், திறப்புவிழாவுக்கு நாள் பார்த்தா கான்கிரீட் இறுகவேண்டும்?

நெதர்லாந்து இருப்புப்பாதை நிறுவனம், கரியைக் குறைக்கும் ஒப்பந்தக்காரருக்கு விலை மதிப்பீட்டிலேயே சலுகை தரும் முறையை 2009இல் தொடங்கிற்று. நமது நெடுஞ்சாலைத் துறையும் ஒப்பந்தப்புள்ளியில் ரூபாய்க் கணக்கின் பக்கத்திலே கரிக்கணக்கையும் கேட்கட்டும். அக்கணக்கு அரியலூர்ச் சுரங்கத்திலிருந்தே தொடங்கட்டும். லாரிப் புழுதியை விழுங்கும் அவ்வூர் மக்கள் முன்னிலையில் படிக்கப்படட்டும்!